டோட்டா 2 பிஹேவியர் ஸ்கோர்: மதுரையில் இருந்து ஆடுபவர்களுக்கு ஒரு விமர்சனம்

டோட்டா 2 என்ற ஆன்லைன் குழு விளையாட்டில் ஒவ்வொருவரின் நடத்தைக்கும் போடும் மதிப்பெண்தான் பிஹேவியர் ஸ்கோர். அது இறங்கிவிட்டது என்று யாரைக் கேட்டாலும் வாயைக் குறை என்பார்கள். மதுரைப் பக்கம் அது பாதி வைத்தியம்தான். திட்டியதற்கு மற்றவர்கள் போடும் ரிப்போர்ட்டை (புகாரை) விட, பாதி ஆட்டத்தில் கரண்ட் போய் விழும் ‘அபாண்டன்’, அதாவது ஆட்டத்தை விட்டு ஓடியதாக விழும் பதிவுதான் இங்கே ஸ்கோரை அதிகம் தின்கிறது.

கேமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2023-ல் இந்த ஏற்பாட்டை இரண்டாகப் பிரித்தது. ஆடும் விதத்துக்குப் பிஹேவியர் ஸ்கோர், பேசும் விதத்துக்குக் கம்யூனிகேஷன் ஸ்கோர். பழைய உச்சம் 10,000, இப்போது 12,000. பிரித்தது நல்ல வேலை. வாய் நீளமானாலும் ஒழுங்காக ஆடுகிறவனுக்கு மைக்கும் சாட்டும்தான் பூட்டப்படும். ஆட்டத்தைக் கெடுக்கிறவன் மட்டும் அவனைப் போன்றவர்களோடு சேர்த்து விடப்படுவான். ரொம்பக் கீழே போனால் ரேங்க்டு (தரவரிசை ஆட்டம்) வாசலும் அடைபடும்.

குறை ஒன்று உண்டு, அது பெரிய குறை. விட்டுப் போனவனிடம் இந்த ஏற்பாடு காரணம் கேட்பதில்லை. கோபத்தில் ஆல்ட் எஃப்4 அடித்தவனும், தெருவில் ஃபியூஸ் போனவனும் அதற்கு ஒன்றுதான். கையில் இருப்பது ஐந்து நிமிடம். அதற்குள் திரும்ப உள்ளே வராவிட்டால் அபாண்டன்.

அந்த ஐந்து நிமிடம் எங்கே கரைகிறது என்று பாருங்கள். இன்வெர்ட்டர் இருந்தும் டெஸ்க்டாப் அணைந்து மறுபடி எழும். விண்டோஸ், கேமைத் திறக்கும் ஸ்டீம் செயலி, பிறகு டோட்டா. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் இதற்கே நேரம் சரியாகிவிடும். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் ‘யூபிஎஸ்’, ‘ஈக்கோ’ என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஃபேன், லைட்டுக்கு ஈக்கோ போதும்; கரண்ட்டில் இருந்து பேட்டரிக்கு மாறும் அந்த நொடியைக் கம்ப்யூட்டர் தாங்காது. அதை யூபிஎஸ் பக்கம் தள்ளினால் பாதிப் பிரச்சினை தீரும். கேமையும் விண்டோஸையும் எஸ்எஸ்டியில் போட்டால் மீதியில் பாதி. தனி யூபிஎஸ் வாங்கி முழு ஆட்டத்தையும் ஓட்டிவிடலாம் என்று நம்ப வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டு வைத்த பெட்டியைச் சின்ன யூபிஎஸ் சில நிமிடங்கள்தான் தாங்கும். ஓர் ஆட்டமோ நாற்பது நிமிடம் இழுக்கும்.

ரூட்டரை எல்லோரும் மறக்கிறார்கள். அதுவும் ஃபைபர் மோடமும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அவற்றுக்கென்று ஒரு மினி யூபிஎஸ். அதற்குப் பிறகும் நெட் போகிறதென்றால் கேபிள்காரரின் பெட்டியைச் சந்தேகிக்கலாம். தெருமுனையில் பேட்டரி இல்லாத நெட்வொர்க் ஸ்விட்ச் இருந்தால் உங்கள் வீட்டில் விளக்கு எரிந்தும் பயனில்லை. போனை யூஎஸ்பி டெதரிங்குக்கு (கேபிள் வழியாகப் போன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க) தயாராக வையுங்கள். ஆட்டம் ஓடும்போது ஸ்டீம் டவுன்லோடு செய்ய விடாதீர்கள். செட்டிங்ஸில் அதற்கு ஒரு டிக் இருக்கிறது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு ஆட்டத்துக்கான கியூவில் நில்லுங்கள். சித்திரை, வைகாசி சாயங்காலங்களில் மேற்கே கருத்தால் ரேங்க்டு வேண்டாம்.

இனி ஏறும் வழி. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் எண் மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு தொகுதி ஆட்டங்கள் முடிந்த பிறகுதான் புதுச் சுருக்கம் வரும். எத்தனை ரிப்போர்ட், எத்தனை பாராட்டு, எத்தனை அபாண்டன் என்று அதில் இருக்கும். இரண்டு நாளில் ஏறவில்லையே என்று மறுபடி கத்தினால் பட்ட பாடெல்லாம் வீண். லோ பிரையாரிட்டியில் (தண்டனையாகத் தள்ளப்படும் தனி வரிசையில்) விழுந்தால் தோற்ற ஆட்டம் கணக்கில் வராது, ஜெயித்தால்தான் கழியும். ஆகவே அங்கே புது ஹீரோவைப் பழகிப் பார்க்காமல், கிடைக்கும் ஹீரோக்களில் கை பழகியதை எடுங்கள். சகா ஒருவர் விட்டுப் போனாலும் ‘பாதுகாப்பாக வெளியேறலாம்’ என்ற அறிவிப்பு திரையில் வரும்வரை உட்கார்ந்திருங்கள். முன்னாலேயே கிளம்பினால் உங்கள் பேரிலும் ஓர் அபாண்டன்.

பேச்சு விஷயத்தில் சாட் வீல் (தயார் வாக்கியங்களை அழுத்தி அனுப்பும் சக்கரம்) போதும். எட்டு இடத்தில் எதிரி காணோம், பின்வாங்கு, தாக்கு மாதிரியானதை வையுங்கள். செத்த சகாவிடம் ‘வெல் பிளேய்டு’ அழுத்தினால் அதைவிடக் குத்தல் வேறில்லை, ரிப்போர்ட் நிச்சயம். தமிழ் யாருக்கும் புரியாது என்று மைக்கில் திட்டுவதும் வேண்டாம், அந்தப் பக்கம் திருமங்கலத்துக்காரர் இருப்பார். எரிச்சல் வந்தால் ஸ்கோர்போர்டில் அவரை மியூட் செய்துவிட்டு ஆடுங்கள்.

மணிக்கணக்கில் ஆடும் கேமிங் சென்டர்களுக்குப் போகிறவர்கள் முன்பணம் கட்டும்போதே கவனிக்க வேண்டும். நேரம் தீர்ந்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும் கடை என்றால் ஒரு மணி நேரம் எடுக்காதீர்கள். ஹீரோ தேர்வு, லோடிங் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் எடுத்தால் ஓர் ஆட்டம் நிம்மதியாக முடியும். ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், அது ஓடத் தொடங்கும்வரை ரூட்டர் எதில் ஓடும் என்றும் கேளுங்கள்.