மறைப்புக் கூடாரம்: எல்லாம் சரி, அந்த ஜன்னல்தான்

பறவை பார்க்கும் மறைப்புக் கூடாரத்தின் விலை குறைந்திருக்கிறதாம். வாங்கலாமா என்று மன்னார்குடி நண்பர் கேட்கிறார். ஒருவர் உட்காரும் அளவு, பச்சையும் பழுப்புமான துணி, உதறினால் தானே விரியும். இதெல்லாம் அவருக்கே தெரியும். பல பருவம் இதற்குள் உட்கார்ந்தவன் என்ற முறையில் நான் பேச வேண்டியது ஜன்னலைப் பற்றி.

ஜன்னல் மடிப்புக்கு வெல்க்ரோ வைத்திருக்கிறார்கள். ஒளிந்துகொள்வதற்கென்றே செய்த பொருளில், திறந்தால் ‘பர்ர்ர்’ என்று ஊரைக் கூட்டுகிற ஒன்று! கானாங்கோழி வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு காட்டாமணக்குப் புதரை விட்டு இரண்டடி வெளியே வரும். பக்கத்து ஜன்னலைத் திறந்தால்தான் தெரியும். திறந்தால் கோழி இருக்காது. மஞ்சள் குருகு ஓடக்கூட ஓடாது. சத்தம் கேட்டதும் கழுத்தை நெட்டுக்குத்தாக நீட்டி, அலகை வானத்துக்குக் காட்டி, கோரையோடு கோரையாக நின்றுவிடும். அங்கேதான் நிற்கிறது என்று தெரியும், கண்ணுக்குத்தான் அகப்படாது. மழைக்காலம் முடிவதற்குள் வெல்க்ரோவில் ஒட்டுப்புல் ஏறிவிட்டது. ஒட்டுவது பாதியானது, சத்தம் மட்டும் அப்படியே.

விற்றவர்களிடம் சொன்னால் “மெதுவாகத் திறங்க சார்” என்கிறார்கள். மெதுவாகத் திறந்தால் சத்தம் குறைவதில்லை, நீள்கிறது.

அப்புறம் தெருமுனை டெய்லர் வெல்க்ரோவைப் பிரித்துவிட்டு நாடா தைத்துக் கொடுத்தார். ஊசித் துளை வழியாக ஐப்பசி மழை ஒழுகுகிறது, பரவாயில்லை.

வடுவூர் பறவைகள் சரணாலயத்தில் பார்வைக் கோபுரம் இருக்கிறதே, கூடாரம் எதற்கு என்று கேட்கலாம். கோபுரத்தில் இருந்து பார்த்தால் திறந்த நீரில் மிதக்கிற ஊசிவால் வாத்து நன்றாகத் தெரியும். கோரைக்குள் திரிகிறவற்றைப் பார்க்கக் கண் நீர்மட்டத்துக்கு இறங்க வேண்டும். சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் இதைப் போடக் கூடாது. நான் போடுவது எங்கள் ஊர் ஏரியின் கலிங்குப் பக்கம். நாடா தைத்த பிறகு ஒரு மாலை, மயில் உள்ளான் ஒன்று குஞ்சுகளோடு கூடாரத்துக்கு முன்னாலேயே மேய்ந்தது. பைனாகுலரில் ஃபோகஸ் ஆகாத அளவுக்குக் கிட்டே. வந்தது அப்பன். அந்த இனத்தில் பகட்டான நிறம் பெண்ணுக்கு; அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் வேலை. கால் மரத்துப்போகும் வரை பார்த்தேன். அந்த ஒரு மாலைக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

பங்குனிக்கு மேல் உள்ளே வெக்கை தாங்காது. அறுவடை முடிந்த வயலோரம் போட்டால் வாத்து மேய்க்க வந்தவன் என்று நினைக்கிறார்கள். “எத்தனை வாத்து தம்பி, முட்டை என்ன விலை?” என்று ஒரு பெரியவர் விசாரித்தார்.

துணி வெளுக்கவில்லை, கம்பி நெளியவில்லை. இருந்தாலும் நண்பருக்கு என் பதில், வாங்காதீர்கள். ஒரு பறவையையாவது உட்கார்ந்து பார்த்தவன் அந்த வெல்க்ரோவை வைத்திருக்க மாட்டான். இதைச் செய்தவனுக்கு எதற்குக் காசு? வேண்டுமானால் என்னுடையதை எடுத்துப் போகட்டும். மார்கழி, தை தவிர.