28-வது வாரத்துக்கு எந்தத் தலையணை? யு, சி, வெட்ஜ்: ஓர் ஒப்பீடு

ஏழாம் மாதம் முடியும் நேரம். வயிற்றில் குழந்தை ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டும், நெஞ்செரிச்சல், கெண்டைக்கால் பிடிப்பு, இடுப்பெலும்பு வலி என்று தூக்கம் துண்டுதுண்டாகப் போகும். 'பிரெக்னன்சி பில்லோ' என்கிற கர்ப்பகாலத் தலையணை விளம்பரங்கள் கண்ணில் படத் தொடங்குவதும் இப்போதுதான். எல்லோருக்கும் அது தேவையில்லை. தேவைப்படுகிறவர்களும் பெரும்பாலும் பெரியதாகப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள்.

தலையணை செய்ய வேண்டிய வேலை ஒன்றே: ஒருக்களித்துப் படுக்க உதவுவது. மல்லாந்து படுத்தால் கனத்த கர்ப்பப்பை முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய இரத்தக்குழாய்களை அழுத்தும்; இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும், குழந்தைக்குப் போவதும் குறையும். அதனால் 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து உறங்கப் போக வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. இடது பக்கம்தான் என்றில்லை, வலது பக்கமும் சரியே. நடுவில் விழிக்கும்போது மல்லாந்து கிடந்தால் பதறாமல் திரும்பிப் படுத்தால் போதும். புரண்டால் குழந்தையைத் தொப்புள்கொடி சுற்றிக்கொள்ளும், எழுந்து உட்கார்ந்துதான் திரும்ப வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ஆனால் இடுப்பு வலி உள்ளவர்கள் இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு புரள்வது நல்லது.

யு வடிவத் தலையணையின் பலம் இங்கேதான். முன்னும் பின்னும் தாங்கு இருப்பதால் பக்கம் மாறும்போது எதையும் நகர்த்த வேண்டாம். முதுகுப் பக்கம் வரும் தலையணையின் கை, தூக்கத்தில் மல்லாந்து சரியாமல் ஓரளவு தடுக்கும். குறைகளும் குறைவில்லை. ஐந்தடிக் கட்டிலில் பாதியை இது பிடித்துக்கொள்ளும். கணவர் கீழே பாய் விரிக்க வேண்டியதுதான். உள்ளே இருப்பது பாலியஸ்டர் நார், மேலே பளபளவென்று வெல்வெட் உறை: மே மாதச் சென்னையில், மின்விசிறியை மட்டும் நம்பிப் படுக்கிறவருக்கு இரண்டு பக்கமும் போர்வை சுற்றியது போல வேர்க்கும். நள்ளிரவில் அவசரமாகக் கழிப்பறைக்குப் போக இதிலிருந்து வெளியே வருவதும் ஒரு வேலை. வாங்குவதானால் ஜிப் வைத்த பருத்தி உறையா என்று முதலில் பாருங்கள். உறையைக் கழற்ற முடியாவிட்டால் வேண்டாம். முழுத் தலையணை சாதாரண ஏழு கிலோ வாஷிங் மெஷினில் அடங்காது. நனைந்த நார் உள்ளே உருண்டையாகி, சரியாகக் காயாமல் பூஞ்சை வாடையும் அடிக்கும்.

அடுத்தது கழுத்து. யு-வின் மேல் வளைவு பலருக்கு உயரம் கூடிப்போய், காலையில் கழுத்து பிடித்துக்கொள்ளும். உள்ளுறையிலும் ஜிப் இருக்கும் ரகமாக எடுத்தால் இரண்டு கைப்பிடி நாரை வெளியே எடுத்துச் சரிசெய்யலாம். நீளத்தையும் அளந்து பாருங்கள்: தலை வைக்கும் இடத்திலிருந்து கணுக்கால் வரை தலையணையின் கை எட்ட வேண்டும். முழங்காலோடு நின்றுவிட்டால் மேல் கால் பாதம் கீழே தொங்கும், தொடை உள்பக்கமாகத் திரும்பும், இடுப்பு வலி அப்படியே இருக்கும். 'தலையணை வாங்கியும் வலி போகவில்லை' என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கணுக்காலைத்தான்.

சி வடிவம் இடத்தை மிச்சப்படுத்தும், காற்றும் வரும். ஒவ்வொரு முறை பக்கம் மாறும்போதும் தூக்கி மறுபக்கம் போட வேண்டும் என்பதால் இரண்டாம் நாளே சலிப்புத் தட்டும். ஒரே பக்கமாகப் படுத்துப் பழகியவருக்குப் பரவாயில்லை.

வெட்ஜ் என்கிற சிறிய சாய்வுத் தலையணைதான் எங்கள் தேர்வு. (தமிழில் ஆப்பு என்றால் வாங்குகிறவர் சிரிப்பார்.) வயிற்றுக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பினால் போதும், வயிற்றை மேலே தள்ளும் அளவு தடிமன் கூடாது. முதுகுக்குப் பின்னால் செருகினால் பாதி சாய்ந்த நிலையில் படுக்கலாம். பையில் போட்டு அம்மா வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். விலையும் யு-வை விடக் குறைவு.

இதோடு இரண்டு இலவம்பஞ்சுத் தலையணை சேர்ந்தால் பெரும்பாலோருக்கு வேறு எதுவும் வேண்டாம். ஒன்றை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீளவாக்கில் வையுங்கள். மேல் தொடை மெத்தைக்கு இணையாக இருக்க வேண்டும். இன்னொன்று அணைத்துக்கொள்ள. போடிநாயக்கனூர்ப் பக்கத்து நல்ல இலவம்பஞ்சு பாலியஸ்டரைப் போலச் சூடேறாது, வெயிலில் போட்டால் உப்பிவிடும். ஆஸ்துமா இருந்தால் மட்டும் இதன் தூசு ஆகாது. உருளைத் திண்டு வேண்டாம்: தடிமன் அதிகம், மேல் காலைத் தூக்கிவிடும், உருண்டும் ஓடும்.

நெஞ்செரிச்சலுக்கு இவை எதுவும் உதவாது. தலையணைகளை அடுக்கினால் உடம்பு இடுப்பில் மடிந்து இரைப்பை இன்னும் அழுந்தும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் மரக்கட்டை வைத்து, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.

தூக்கம் வராததற்கு எல்லா நேரமும் தலையணை காரணமாக இருக்காது. உள்ளங்கை, உள்ளங்காலில் இரவில் கூடும் அரிப்பு, விடாத தலைவலி, முகம் திடீரென வீங்குவது, கண் மங்குவது, குழந்தையின் அசைவு குறைவது: இவற்றில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

'பிரசவத்துக்குப் பிறகு பால் கொடுக்கவும் பயன்படும்' என்று யு தலையணை அட்டையில் போட்டிருப்பார்கள். அந்தத் தளர்ந்த நார் குழந்தையின் எடைக்கே அமுங்கிவிடும். பால் கொடுக்க இறுக்கமான சி-தான் ஓரளவு தாங்கும். எதுவாக இருந்தாலும் குழந்தையை அதன்மேல் தூங்க விடக் கூடாது, மூச்சு முட்டும்.