லின்ஹோஃப் கேமராவை விற்றுத் தருகிறேன் என்று சொல்லி 5,500 வெள்ளியை விழுங்கிவிட்டார்கள்

கோலாலம்பூரில் பழைய ஃபிலிம் கேமரா விற்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். வயிறு எரிந்து எழுதுகிறேன். 5,500 வெள்ளி (ரிங்கிட்). போச்சு.

பொருள் இதுதான். லின்ஹோஃப் சூப்பர் டெக்னிக்கா 5, ஜெர்மனியில் செய்தது, 4க்கு 5 அங்குல ஷீட் ஃபிலிம் (சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக வருவது) போடுவது. கூடவே ஷ்னைடர் சிம்மார் 150 மி.மீ. லென்ஸ், காம்பர் ஷட்டர், ஃபிலிம் ஹோல்டர்கள். செந்தூலில் ஸ்டூடியோ வைத்திருந்த என் அப்பா தமிழ்ப்பள்ளி வகுப்புப் படங்களை எல்லாம் இதில்தான் எடுத்தார். கடைசி வரிசைப் பிள்ளையின் சட்டைப் பித்தான்கூட அவ்வளவு துல்லியமாக விழும். அப்பா போன பிறகு அலமாரியில் பூசணம் பிடிக்க விடாமல், படம் எடுக்கிற ஒருவர் கையில் போகட்டும் என்றுதான் விற்க எடுத்தேன்.

பேரங்காடி ஒன்றின் மாடியில் உள்ள கடை. பழைய கேமரா வாங்குவார்கள், கமிஷனுக்கும் விற்றுத் தருவார்கள். புகார் நடக்கிறது, அதனால் பேர் போடவில்லை.

கடைக்காரத் தம்பி விளக்கை அணைத்தார். பெல்லோஸை, அதாவது லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள துருத்தி மடிப்பை, முழுக்க இழுத்துவிட்டு, உள்ளே டார்ச் அடித்து, மடிப்பு மடிப்பாகப் பார்த்தார். மூலைகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பழைய பெல்லோஸ் ஓட்டை விழுவது அங்கேதான். "ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரல அண்ணே, உங்கப்பா தங்கமா வச்சிருந்திருக்காரு" என்றார். பிறகு ஷட்டரை ஒரு விநாடிக்குத் திருப்பி, காதருகே பிடித்து, சீராக ஓடுகிறதா என்று கேட்டார். இவ்வளவு தெரிந்த பையன் கழுத்தறுப்பான் என்று யாருக்குத் தோன்றும்? "கமிஷன் போக உங்க கைக்கு 5,500 வெள்ளி அண்ணே, நான் பொறுப்பு." ரசீதில் எழுதியது 'கேமரா 1 செட்', அவ்வளவுதான். சீரியல் நம்பரையும் எழுதுங்க தம்பி என்றேன். "நமக்குள்ள என்னண்ணே" என்று சிரித்தார்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. ஆள் பார்த்துட்டுப் போயிருக்கார் அண்ணே. முன்பணம் வந்துடுச்சு அண்ணே. பேங்க்ல பிரச்சினை அண்ணே. தீபாவளி முடியட்டும் அண்ணே. வாட்சப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. நேரில் போனால் கல்லாவில் வேறொரு பெண்: "பாஸ் இல்லீங்களே."

கடைசியில் பிடித்தபோது என்ன சொன்னார் தெரியுமா? "பெல்லோஸ் ஓட்டை அண்ணே, வாங்கினவர் திருப்பிட்டார். 800 வெள்ளி வேணும்னா தர்றேன்." டார்ச் அடித்துப் பார்த்த அதே வாய்! சரி, கேமராவையே கொடுங்கள் என்றால் ரிப்பேருக்குப் போயிருக்கிறதாம்.

என் நண்பர் ஒருவர் இணையத்தில் விற்பனைக்கு வந்த ஒரு சிம்மார் 150 படத்தை அனுப்பினார். முன்வளையத்தில் அப்பாவுடைய லென்ஸ் நம்பர். டெக்னிக்காவில் ஃபோகஸ் பார்க்க ஒவ்வொரு லென்ஸுக்கும் தனியாகக் கடைந்த 'கேம்' என்ற உலோகத் துண்டு உண்டு, அதில் லென்ஸ் நம்பரும் பொறித்திருக்கும். அந்தக் கேமின் படம் என் கைபேசியில் இருக்கிறது. இரண்டும் ஒரே நம்பர். ஆக, செட்டைப் பிரித்துத் துண்டு துண்டாக விற்கிறான். கேட்டால், "அது வேற லென்ஸ் அண்ணே" என்று போனை வைத்துவிட்டான்.

போலீஸில் புகார் கொடுத்துவிட்டேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் மனு போடுகிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. பாடி நம்பர், லென்ஸ் நம்பர் இரண்டும் ரசீதில் இல்லாமல் பொருளைக் கொடுக்காதீர்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் எந்தத் தேதிக்குள் திரும்ப வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். முடிந்தால் கமிஷனுக்கே விடாதீர்கள், பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுங்கள்.

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ யாருக்காவது டெக்னிக்கா 5 பாடியோ, தனியாக ஒரு சிம்மார் 150 லென்ஸோ விலைக்கு வந்தால், வாங்குமுன் நம்பரைப் படம் பிடித்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஒப்பிட்டு உடனே சொல்கிறேன்.