பழைய பிக்கப்பின் கியர் பாக்ஸ் சத்தம்: பேரிங் மாற்றி நெடுநாள் ஓட்டிய பிறகு

என் வண்டி பழைய டீசல் பிக்கப், ஐந்து கியர், பின்சக்கர இழுவை. கியர் பாக்ஸில் சத்தம் வந்து, பிரித்து, பேரிங் மாற்றி, அதற்குப் பிறகு சுமையோடும் காலியாகவும் நிறைய ஓட்டியாகிவிட்டது. வேலை முடிந்த கையோடு எழுதாததற்குக் காரணம் உண்டு. புது ஆயில் ஊற்றி வெளியே வருகிற எந்த கியர் பாக்ஸும் முதல் வாரம் சமத்தாகத்தான் இருக்கும்.

சத்தம் ‘கர்ர்’ என்று வருகிறதா, ‘ஊய்’ என்று வருகிறதா என்பதை வைத்து ரொம்ப யோசிக்க வேண்டாம், ஆளுக்கு ஒரு மாதிரிதான் கேட்கும். அது எப்போது அடங்குகிறது என்று கவனியுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். என் வண்டியில் நியூட்ரலில் நிற்கும்போது, கிளட்சில் கால் வைக்காமல் இருந்தால் ஒரு உறுமல். மிதித்தால் அடங்கும், அதுவும் பட்டென்று இல்லை, இறங்கி இறங்கி ஓயும். உள்ளே சுற்றிக்கொண்டிருந்த ஷாஃப்ட்டுகள் எஞ்சினிலிருந்து விடுபட்டு வேகம் குறைந்து நிற்பதுதான் அது. ஆக, கோளாறு பாக்ஸுக்குள். இதுவே மிதித்த பிறகு சத்தம் ஆரம்பித்திருந்தால் கிளட்ச் பக்கம் இருக்கும் ரிலீஸ் பேரிங்கையோ பைலட் பேரிங்கையோ சந்தேகப்பட்டிருப்பேன், அதற்கு பாக்ஸை இறக்கினால் போதும், பிரிக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து எல்லாவற்றிலும் ஆக்சிலேட்டர் கொடுத்தால் உறுமல் ஏறியது, நான்காவதில் மட்டும் ஏறக்குறைய காணவில்லை. இந்த மாதிரி பாக்ஸ்களில் நான்காவது டைரக்ட் கியர், அதாவது எஞ்சினிலிருந்து சுழற்சியை வாங்கும் இன்புட் ஷாஃப்ட்டும் அதைச் சக்கரத்துக்கு அனுப்பும் மெயின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒன்றுக்கு ஒன்றாகச் சுற்றும். மற்ற கியர்களில் இந்த இரண்டுக்கும் இடையில் இழுவையைக் கடத்துவது கீழே இருக்கும் லே ஷாஃப்ட். நான்காவதிலும் அது சுற்றும், ஆனால் அதன்மேல் பாரம் இருக்காது. நான்காவதில் சத்தம் மறைந்தால் லே ஷாஃப்ட் பேரிங் அல்லது இன்புட் பேரிங், இரண்டில் ஒன்று. எது என்று வெளியிலிருந்து அடித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை, எப்படியும் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்த கியரின் பல்லையோ அதன் நீடில் பேரிங்கையோ பார்க்க வேண்டும், அது வேறு கதை.

இன்னொன்றும் செய்தேன்: காலியான சமதள ரோட்டில் வேகம் எடுத்து நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருளவிட்டேன். எஞ்சின் ஐடிலிங்குக்கு இறங்கிய பிறகும் வண்டி வேகத்துக்கு ஏற்றபடி சத்தம் தொடர்ந்தால் ஜாயின்ட் ஷாஃப்ட் (பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு) கிராஸ், அதன் சென்டர் பேரிங், கிரவுன் (பின் அச்சிலுள்ள கியர்), சக்கர பேரிங் என்று பின்பக்கம் தேட வேண்டும். கியர் பாக்ஸ் என்று நினைத்துப் பிரித்து, கடைசியில் சென்டர் பேரிங்கில் போய் முடிகிற வேலைகள் உண்டு.

பிரிப்பதற்கு முன் ஆயிலை இறக்கிப் பார்த்தேன். டிரெய்ன் போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் ஊற்றுகிற போல்ட் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆயிலை இறக்கிவிட்டு மேல் போல்ட் துருப்பிடித்துக் கழலாமல் நின்றால் வண்டி அங்கேயே கிடக்கும். என் டிரெய்ன் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தது. அது எல்லா வண்டியிலும் இருப்பதுதான். அதை விரலால் தேய்த்தபோது நடுவில் மெல்லிய செதில்கள் நெருடின, அவை சாதாரணமில்லை. ஆயிலில் மஞ்சளாகத் தூள் மின்னினால் சின்க்ரோ ரிங் (கியர் விழும்போது வேகத்தைச் சமன் செய்யும் பித்தளை வளையம்) தேய்கிறது என்று அர்த்தம், என்னுடையதில் அது கொஞ்சம்தான்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் குறையும் என்று பலரும் சொல்வார்கள். குறையும்தான். ஆனால் உரிந்த பேரிங் உரிந்தபடியே இருக்கும், காலையில் கியர் விழ மறுப்பதுதான் மிச்சம்.

பிரித்துக் கழுவியதும் பதில் கையில் வந்தது. லே ஷாஃப்ட்டின் முன் பேரிங்கில் உள்வளையத்தின் ஓடுபாதை ஒரு பக்கம் உரிந்து குழி விழுந்திருந்தது, நகத்தை ஓட்டினால் மாட்டும். இன்புட் பேரிங் பார்வைக்கு நன்றாக இருந்தது, இருந்தாலும் எல்லா பேரிங்கையும் ஆயில் சீல்களையும் சேர்த்து மாற்றினேன். பாக்ஸை இறக்குவதுதான் பெரிய வேலை, அதை ஒரு பேரிங்குக்காக மறுபடி செய்ய எனக்குத் தெம்பில்லை. கோர்க்கும்போது டயல் கேஜ் வைத்து ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டத்தை அளந்து, ஷிம் (மெல்லிய தகடு) போட்டு அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதைக் கண் மதிப்பில் செய்கிறவரிடம் பாக்ஸைக் கொடுக்காதீர்கள்.

ஆயில் மேனுவலில் சொன்ன ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தரவகை), 75டபிள்யூ-90 (அதன் கெட்டித்தன்மை). ஜிஎல்-5 உயர்ந்தது என்று ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அது கிரவுனுக்குச் சரி. பித்தளை சின்க்ரோ இருக்கிற பாக்ஸுக்கு அதிலுள்ள கூடுதல் கந்தக–பாஸ்பரஸ் சேர்மானம் ஆகாது, வழுக்கல் அதிகமானால் சின்க்ரோவுக்குப் பிடிமானமும் குறையும். பேரிங் மாற்றியதும் ஊற்றிய முதல் ஆயிலைச் சீக்கிரமே இறக்கிவிட்டேன். காந்தத்தில் மை இருந்தது, செதில் இல்லை. அப்புறம் பாக்ஸ் மேல் இருக்கும் பிரீத்தரையும் (காற்று போகும் துளை) சுத்தம் செய்துவிடுங்கள், அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலிலும் ஆயில் கசியும்.

இப்போது எப்படி இருக்கிறது என்றால், உறுமல் திரும்பவில்லை, பாரத்தோடு மேடு ஏறும்போதும் இல்லை. ஆயில் சூடாகும்வரை இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. சின்க்ரோ ரிங் இன்னும் தாங்கும் என்று விட்டிருந்தேன், அது அதன் பலன், நிதானமாகப் போட்டால் விழுகிறது. ஐடிலிங்கில் லேசான கடகட இருக்கிறது, கிளட்ச் பிளேட்டின் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கலாம், பிளேட் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம். ரிவர்ஸில் வரும் ஊளை அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பற்கள் நேராக வெட்டியவை, புதிதாக இருந்தாலும் அப்படித்தான் கத்தும், அதற்காக யாராவது பாக்ஸைப் பிரிக்கலாம் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.