முழங்கால் தட்டும் சுத்தியல்: தர்மபுரியில் வாங்கிய இரு வகைகளின் மதிப்பீடு

அனிச்சைச் செயல் பாடத்தைக் கரும்பலகையில் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, அதோடு முடித்துவிடாமல் மாணவர்களின் உடலிலேயே காட்ட விரும்பும் அறிவியல் ஆசிரியர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். மருத்துவர்கள் முழங்காலில் தட்டிப் பார்க்கும் சுத்தியல் எட்டாத விலையுள்ள கருவி அன்று. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பக்கத்துச் சர்ஜிக்கல் கடைகளில் ‘நீ ஹேமர்’ (knee hammer) என்று கேட்டால் உடனே எடுத்துத் தருகிறார்கள். முக்கோண ரப்பர் தலை கொண்ட சிறிய சுத்தியல் ஒன்று, நீண்ட கைப்பிடியின் நுனியில் வட்டத் தலை கொண்டது மற்றொன்று. இரண்டாவதற்கு முதலாவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விலை. இரண்டையும் ஒரு கல்வியாண்டு முழுவதும் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்தேன். வட்டத் தலைச் சுத்தியலையே வாங்குங்கள் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

முக்கோணச் சுத்தியல் பழைய வடிவம். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜான் மேடிசன் டெய்லர் என்ற மருத்துவர் 1888-இல் அறிமுகப்படுத்தியது இன்றும் பெரிய மாற்றமின்றி விற்கப்படுகிறது. சட்டைப் பையில் அடங்கும், எளிதில் கெடாது. ஆனால் நான் வாங்கியதில் தலை மிக இலேசாகவும் கைப்பிடி குட்டையாகவும் இருப்பதால், போதிய அழுத்தம் கிடைக்க மணிக்கட்டை வேகமாக வீச வேண்டியிருக்கிறது. கை ஓங்குவதைக் கண்டதும் மாணவர் தொடையை இறுக்கிக்கொள்கிறார். இறுகிய காலில் அனிச்சை தெளிவாக வெளிப்படுவதில்லை. சிலர் அடி விழும் முன்பே காலை உதைத்துவிடுகிறார்கள். அது விருப்பச் செயல். அதை அனிச்சை என்று வகுப்புக்குக் காட்டுவது பாடத்தையே தவறாகக் கற்பிப்பதாகும்.

வட்டத் தலைச் சுத்தியலில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. லண்டனில் குவீன் ஸ்கொயரில் உள்ள நரம்பியல் மருத்துவமனையின் பெயரால் வழங்கும் இந்த வடிவத்தில், உலோக வட்டைச் சுற்றி ரப்பர் வளையம் ஒன்று டயர்போல் பொருத்தப்பட்டிருக்கிறது. எடை முழுவதும் தலையில் இருப்பதால், கைப்பிடியின் கடைசி முனையைத் தளர்வாகப் பிடித்துத் தலையை விழவிட்டாலே போதும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே விசையில் விழுகிறது. மாணவரைப் பாதம் தரையில் படாத உயரத்தில் மேசையின்மேல் உட்காரவைத்து, முழங்கால் சில்லின் கீழ்விளிம்பைக் கட்டைவிரலால் தடவினால், அதற்குக் கீழே, கீழ்க்கால் முன்னெலும்பின் மேட்டுக்கு மேலே, இறுக்கமான பட்டைபோன்ற தசைநாண் தட்டுப்படும். அதன்மேல் தலை விழுந்ததும் தொடையின் முன்தசை ஒரு கணம் துடித்துத் திரள்கிறது. பிறகுதான் கீழ்க்கால் முன்னோக்கி எழுகிறது. காலை மட்டும் பார்க்கும் மாணவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். மற்றொரு மாணவரின் உள்ளங்கையை அந்தத் தொடைத் தசைமேல் வைக்கச் சொல்லுங்கள். “சார், நான் ஆட்டல சார், அதுவா போகுது” என்று உட்கார்ந்திருப்பவர் சொல்லும் அந்த நொடியில்தான் பாடம் தொடங்குகிறது.

அவர் சொல்வது முற்றிலும் உண்மை. தசைநாணைத் தட்டும்போது தொடைத் தசை சிறிதளவு இழுபடுகிறது; நீட்சியை உணரும் நுண்ணிய உணர்வேற்பிகள் தசைக்குள்ளேயே இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் செய்தி உணர்ச்சி நியூரான் (நரம்புச் செல்) வழியே இடுப்புப் பகுதித் தண்டுவடத்தை அடைந்து, ஒரே ஒரு நரம்புச் சந்திப்பைக் கடந்து இயக்க நியூரானைத் தூண்ட, அதே தசை சுருங்குகிறது. அதே வேளையில் ஓர் இணைப்பு நியூரான் தொடையின் பின்தசைக்குச் செல்லும் கட்டளையை அடக்கிவைப்பதால் கால் தடையின்றி எழுகிறது. ஒன்று சுருங்க எதிர்த்தசை தளரும் இந்த ஒழுங்கை விரிவாக ஆராய்ந்தவர் சார்லஸ் ஷெரிங்டன். நியூரான்களின் செயல்பாடு பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக எட்கர் ஏட்ரியனுடன் 1932-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். மூளைக்குத் தகவல் போகிறது, ஆனால் காலை எழுப்புவது மூளை அன்று.

பாடநூல்களில் பொதுவாக வரும் படத்தில் உணர்ச்சி நியூரானுக்கும் இயக்க நியூரானுக்கும் இடையே இணைப்பு நியூரான் ஒன்று நிற்கும். சுடுபொருளைத் தொட்ட கை பின்வாங்குவதற்கு அந்தப் படம் பொருந்தும். முழங்கால் அனிச்சையின் முதன்மைப் பாதையில் அப்படி இடையாள் இல்லை என்பதைச் சுத்தியல் கையில் இருக்கும்போதே விளக்கிவிடுவது நல்லது. இதோடு அளவுகோல் சோதனையையும் நடத்துங்கள். ஒருவர் விடும் அளவுகோலை மற்றவர் 20 சென்டிமீட்டரில் பிடித்தால் அவர் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய 0.2 நொடி. கண், மூளை, கை என்று செய்தி சுற்றிவரும் நேரம் அது. முழங்காலைத் தட்டிய பிறகு தொடைத் தசையில் மின்சமிக்ஞை தோன்ற ஏறத்தாழ 0.02 நொடியே ஆகிறது. முன்னது எதிர்வினை, பின்னது அனிச்சை. இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் கலந்து கற்பிக்கும் வழக்கம் மாற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கால் அசையாத மாணவர்கள் சிலர் இருப்பார்கள். அதனால் அவர்களுக்கு நோய் என்று பொருளன்று. இரு கைவிரல்களையும் கொக்கிபோல் கோத்து எதிரெதிரே இழுக்கச் சொல்லி, அந்நேரம் தட்டினால் பெரும்பாலும் கால் எழுந்துவிடும். ஹங்கேரிய மருத்துவர் எர்னோ ஜென்ட்ராசிக் 1885-இல் விவரித்த இந்த முறையை மருத்துவர்கள் இன்றும் கையாளுகிறார்கள்.

குறைகளும் உண்டு. எனக்குக் கிடைத்த சுத்தியலில் ரப்பர் வளையம் சில மாதங்களிலேயே தளர்ந்து கழன்றது. ரப்பர் பசையால் ஒட்டியபின் நிற்கிறது. பிளாஸ்டிக் கைப்பிடியின் முனை கூர்மையானது, குழந்தைகள் கையில் விளையாடக் கொடுக்கக் கூடாது. கடைகளில் தலைக்குள் ஊசியும் கைப்பிடிக்குள் தூரிகையும் ஒளிந்திருக்கும் மூன்றாவது வகை ஒன்றையும் காட்டுவார்கள். தொடு உணர்வைச் சோதிக்க அது பயன்படலாம் என்றாலும், ஒரே ஊசியைப் பலர்மேல் குத்துவது நோய் பரப்பும் செயல். பள்ளிக்கு அது வேண்டவே வேண்டாம்.

நம் மாவட்டத்துக்கென்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்ததும் எல்லோரும் அறிந்தவை. பற்களில் கறை படிவதைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். பல ஆண்டுகள் அந்நீரைக் குடித்தவர்களில் சிலருக்கு முதுகெலும்பைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுக்கள் எலும்பாகி, தண்டுவடத்தை நெருக்கக்கூடும். அப்போது நெருக்கப்பட்ட இடத்துக்குக் கீழே அனிச்சை மங்காமல் அளவுக்கு மீறித் துள்ளும், கால்கள் விறைக்கும். மேலிருந்து வரும் அடக்கும் கட்டளைகள் தடைபடுவதே காரணம். நீண்டகால நீரிழிவிலோ இதற்கு நேர்மாறாகக் குதிகால் அனிச்சை மங்கி மறைகிறது. இதைக் கேட்ட மாணவர்கள் வீட்டுத் தாத்தா பாட்டியைத் தட்டிப் பார்க்க ஆசைப்படுவார்கள். சுத்தியலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை எடைபோடுவது பயிற்சி பெற்ற மருத்துவரின் வேலை. நடை தடுமாறும் பெரியவர் இருந்தால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.

வாங்கும்போது கைப்பிடியின் முனையை இரு விரல்களால் பிடித்துத் தலையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். தடையின்றி ஊசலாட வேண்டும். ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பினால் எளிதில் விலகும் சுத்தியலை மாற்றித் தரச் சொல்லுங்கள். உயர்நிலைப் பள்ளி ஆய்வகத்துக்கு ஒன்றே போதும்.