டிஎன்எஃப்-ஆல்ஃபா 10 மைக்ரோகிராம் குப்பி: சேலம் வெயிலில் எப்படி?

டிஎன்எஃப்-ஆல்ஃபா உடலில் அழற்சியைத் தூண்டும் புரதம். குப்பியில் இருப்பது ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த மறுசேர்க்கை மனிதப் புரதம், 157 அமினோ அமிலம், சுமார் 17 கிலோடால்டன். உறையுலர் தூளாக, ஐஸ் பேக்குடன் கூரியரில் வருகிறது. சித்திரை மாதத்தில் சேலம் வந்து சேர்வதற்குள் ஐஸ் உருகிவிடும். தூளாக இருக்கும்வரை அதற்குப் பயப்பட வேண்டாம். கரைத்த பிறகுதான் கவனம்.

குப்பி காலி போலவே தெரியும். தூள் மூடியிலும் ஒட்டியிருக்கலாம், அதனால் திறக்குமுன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று. 100 மைக்ரோலிட்டர் ஸ்டெரைல் நீர் விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள், வோர்டெக்ஸ் (வேகக் கலக்கி) கூடாது. 0.1% பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின் புரதம்) சேர்க்காமல் நீர்க்கச் செய்தால் புரதம் டியூப் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாதி டோஸ் அங்கேயே போய்விடும். 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு பங்குடன் 990 மைக்ரோலிட்டர் மீடியம் சேர்த்து, அதில் 10 மைக்ரோலிட்டரை ஒரு மில்லி கல்ச்சரில் விட்டால் 10 நானோகிராம். மிச்சத்தை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

எண்டோடாக்சின் (பாக்டீரியா சுவரிலிருந்து வரும் நச்சு, எல்பிஎஸ் என்பதும் இதுவே) மைக்ரோகிராமுக்கு 1 ஈயூவுக்கு (எண்டோடாக்சின் அலகு) கீழ் என்கிறது லேபிள். மோனோசைட் (ஒரு வகை வெள்ளணு) வேலைக்கு லேபிளை மட்டும் நம்பக் கூடாது: கொதிக்க வைத்த பங்கையும் கன்ட்ரோலாகப் போடுங்கள். புரதம் செத்துவிடும், எல்பிஎஸ் பிழைக்கும். அப்போதும் ஐஎல்-6 (செல்கள் வெளியிடும் அழற்சிப் புரதம்) ஏறினால் சரக்கு அசுத்தம்.

எல்929 எலிச் செல்களில், ஆக்டினோமைசின்-டி (செல்லில் ஆர்என்ஏ உருவாவதைத் தடுக்கும் மருந்து) சேர்த்தால், இந்தப் புரதம் செல்களை நன்றாகவே கொல்கிறது. ஆனால் மனித டிஎன்எஃப் எலியின் முதல் ரிசெப்டரில்தான் (செல் மேல் டிஎன்எஃப் ஒட்டும் ஏற்பி) பிடிக்கும். இரண்டாவது ரிசெப்டரில் வேலை என்றால் எலிப் புரதத்தையே வாங்குங்கள்.