லிஃப்ட் பண்ணின பிராடோவுக்கு நாகர்கோவிலில் நம்பர் கிடைக்குமா?

மெல்போர்னில் நான் ஓட்டும் டொயோட்டா பிராடோவில் ஆஃப்டர் மார்க்கெட் (கம்பெனியுடையது அல்லாத, வெளியில் வாங்கி மாட்டிய) சஸ்பென்ஷன் போட்டிருக்கிறேன். வண்டி ஒன்றரை அங்குலம் உயர்ந்திருக்கிறது; அங்கே அது சட்டப்படி சரியான மாற்றம். ஊருக்கே திரும்பிவிடும் யோசனை இருப்பதால், வண்டியைக் கொண்டுவந்தால் நாகர்கோவிலின் டி.என். 74 நம்பர் வாங்க முடியுமா என்று இந்த விடுமுறையில் விசாரித்தேன்.

முதலில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஏஜென்ட். "பிரேக் இன்ஸ்பெக்டர் என்ன, அடியில குனிஞ்சா பாக்கப் போறாரு? நான் பாத்துக்கிடுதேன் அண்ணே" என்றார். எவ்வளவு ஆகும் என்றால் மட்டும் பிடிகொடுக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நாகர்கோவில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காத்திருக்க வேண்டியிருந்தது, ஆனால் பதில் தெளிவு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அந்த வழக்கு பக்கத்துக் கேரளாவிலிருந்து போனதுதான். மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும். "கம்பெனி ஸ்பிரிங்கை மாட்டிக் கொண்டுவாங்க சார், அப்புறம் பேசலாம்" என்றார் அங்கிருந்தவர்.

சரி, ஸ்பிரிங் பெரிய விஷயமில்லை. கழற்றிய செட் கராஜில்தான் கிடக்கிறது. மலைக்க வைத்தது அதற்கு முந்தைய கட்டம். பழைய கார் கப்பலில் மும்பை துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். தூத்துக்குடி இவ்வளவு பக்கத்தில் இருந்து என்ன பயன்? தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். எனக்கு அது பிரச்சினை இல்லை, துபாயிலிருக்கும் என் மச்சானுக்குத்தான் கனவு அங்கேயே முடிந்தது. ஹெட்லைட் வெளிச்சமும் இடப்பக்கம் போகும் சாலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சுங்க வரி காரின் மதிப்பையே தாண்டுகிறது. அதைக் கட்டி பில் ஆஃப் என்ட்ரியோடு (சுங்கத்துறையின் இறக்குமதி ஆவணம்) ஊர் வந்து சேர்ந்தால், தமிழ்நாட்டு ஆயுள் வரி: 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம்.

இவ்வளவும் கட்டி, தக்கலை நெரிசலில் முதல் கியரில் ஊர்வதற்கா என்று மனைவி கேட்டாள். பிராடோவை மெல்போர்னிலேயே விற்றுவிட்டு, இங்கே ஷோரூமில் வேறொரு வண்டி எடுப்பதாக முடிவு. அதில் சஸ்பென்ஷன் பக்கம் போவதாக இல்லை.